துரும்பும் அசையாது

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அந்த அவசரத்தில் விண்டோஸ் ‘அப்டேட் 30 சதவீதம்’ என்று சுற்றிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? லினக்ஸ் பக்தர்கள் உருவாவது இப்படித்தான்.

ஆர்ச் லினக்ஸ் போட்டால் நம்மைக் கேட்காமல் ஒரு துரும்பும் அசையாதாம். உண்மைதான், சில நாள் வைஃபையும் அசையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி, பார்ட்டிஷன் பிரித்து, பூட்லோடர் ஏற்றி, விடியற்காலையில் டெஸ்க்டாப் முளைக்கும்போது வரும் பெருமிதமே தனி. ஆனால் 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் சும்மா வந்தது. அதை அழித்துவிட்டுத்தானே படம் ஏற்றினோம்!

இப்படி ஒரு பக்தரிடம் அச்சக அண்ணாச்சி கேட்டார்: “தம்பி, இதுல பேஜ்மேக்கர் ஓடுமா?”

“அண்ணாச்சி, கர்னலையே நான்தான் கம்பைல் பண்ணுனேன்!”

“சரிப்பா, முருகன் படத்துக்குக் கீழ தேதி ஒழுங்கா விழுமா?”