சராசரியாகத் தூங்குகிறோம், ஐயா

அனுப்புநர்: பக்கத்துச் சுவர்க்காரன், மர்பி டவுன், அலசூர் அருகில், பெங்களூரு.

பெறுநர்: மத்திய சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்ற அமைச்சகம், புது தில்லி.

பொருள்: எங்கள் காதுகளை விதிகளுக்கு உட்படுத்த உதவி கோருதல் - தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் 2000இல் கொண்டுவந்த ஒலி மாசு விதிகளை உரக்கப் படித்தேன். மனசுக்குள் படித்தால் எனக்கே கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் டைல்ஸ் வேலை.

விதிகளில் ஒரு குறையும் இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. குறையெல்லாம் எங்கள் காதில்தான். தாங்கள் சொல்லும் 55, பகல் 16 மணி நேரத்துக்கும் சேர்த்துப் போடும் சராசரி. எங்கள் காதுகள் அவ்வளவு படிக்கவில்லை. சத்தம் வந்த உடனே கேட்டுத் தொலைக்கின்றன.

புகார் செய்யவும் 7ஆம் விதியில் வழி வைத்திருக்கிறீர்கள். வரம்பை 10 டெசிபலாவது தாண்டியிருக்க வேண்டும். டெசிபலில் 10 ஏறினால் ஒலியாற்றல் பத்து மடங்கு. ஆக, அனுமதித்ததைப் போல் பத்து மடங்கு வந்து சேரும்வரை பகல் நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது குடிமகன் கடமை. மீட்டர் வாங்கி அளப்பதும் அவன் கடமைதான் போலிருக்கிறது. எழுதவில்லையே தவிர, வேறு யார் அளக்கப்போகிறார்கள்?

எங்கள் சந்து நிலவரம் இது. கிரானைட் பலகையை உள்ளே வைத்து அறுக்க இடமில்லை. வாசலில் இரண்டு சிமென்ட் கல்லின்மேல் போட்டு அறுக்கிறார்கள். ஒருவர் மெஷினைப் பிடிக்க, இன்னொருவர் மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலைப் பிதுக்கிக்கொண்டே வருவார். ஒரு அறுப்பு சுமார் 20 விநாடி. பிறகு அளவெடுப்பு, ஒரு பீடி, மறுபடி அறுப்பு. எங்கள் ஜன்னலில் 85 டெசிபல் என்றும், நாளுக்கு 24 அறுப்பு என்றும் வையுங்கள். மொத்தம் 8 நிமிடம். மீதி நேரம் தெரு 50 டெசிபலில் அடங்கிக் கிடந்தால், 16 மணி நேரச் சராசரி 65ஐத் தொடாது. புகாருக்கு இடமே இல்லை. தொட்டிலில் கிடக்கும் எங்கள் பேத்தி மட்டும் 24 முறை வீறிட்டு எழுந்திருப்பாள். சராசரியாகப் பார்த்தால் நன்றாகத் தூங்கிய குழந்தைதான்.

கட்டுவதற்கு முன்பே பாதிப்பை மதிப்பிடக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். 2006 அறிவிக்கையைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். கட்டடம் 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். மர்பி டவுனில் 20க்கு 30 அடி சைட் கிடைத்தவரே பாக்கியவான். வெள்ளைக்கார எஞ்சினியர் பேரில் பேட்டை இருந்தாலும் மனை நம்ம ஊர் மனைதான். அதில் ஒரு அங்குலம் விடாமல் தரைத்தளமும் மூன்று மாடியும் எழுப்பினாலும் 225 சதுர மீட்டர் தேறாது. ஏறக்குறைய தொண்ணூறு வீட்டுக்காரர்கள் பேசிவைத்து ஒரே கட்டடமாகக் கட்டினால் தங்கள் கவனத்துக்கு வரும். பெரிய அடுக்குமாடிக்காரருக்குச் சுற்றுச்சுவர், தோட்டம், இடைவெளி எல்லாம் உண்டு, அறிக்கையும் உண்டு. பக்கத்து வீட்டுச் சுவரும் எங்கள் சுவரும் ஒட்டிக்கொண்டிருக்கும் சந்தில் அறிக்கை கிடையாது. தூரம் குறையக் குறையச் சத்தமும் குறையும் என்று தங்கள் ஆய்வில் வந்திருக்கலாம்.

இரவைப் பற்றி. குடியிருப்புப் பகுதியில் ஒலி எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இரவில் இயக்கக் கூடாது என்று 2010இல் திருத்தினீர்கள். அதைக் காட்டி மேஸ்திரியிடம் பேசினேன். "கருவிதானே சார் கூடாது? டிப்பர் வண்டியாச்சே" என்றார். பகலில் கனரக லாரிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடு. அதனால் எம்-சாண்டும் கம்பியும் ராத்திரி ஒன்றரைக்கு வருகின்றன. பின்கதவு திறந்து மோதும் சத்தத்தில் தெருநாய்களும் சேர்ந்துகொள்ளும். டிப்பர் வண்டி, நாய் பிராணி. இரண்டுமே கருவி இல்லை. சாமிக்குக்கூட ராத்திரி 12 வரை ஒலிபெருக்கி வைக்க வருஷத்துக்கு 15 நாள்தான் என்று கணக்கு வைத்த தாங்கள், ஜல்லிக்கு நாள் கணக்கு வைக்கவில்லை. அலசூர் அம்மன்களுக்கு இது தெரிந்தால் வருத்தப்படுவார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன், அங்கே வீடுகளுக்கு 150 மீட்டருக்குள் கட்டினால் பகலில் 12 மணி நேரச் சராசரி 75 என்பதோடு விடாமல், 5 நிமிடச் சராசரிக்கும் 90 என்று தனி வரம்பு வைத்திருக்கிறார்கள் என்கிறான். இரவு 10க்கு மேல் 5 நிமிடச் சராசரி 55தானாம். ஞாயிற்றுக்கிழமை வேலையே கூடாதாம். சின்ன நாடு, பெரிய சராசரி போட இடம் பற்றவில்லை போலும்.

ஆகவே, குடிமக்கள் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்கவேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவருமாறு வேண்டுகிறேன். அது தாமதமாகுமென்றால், பக்கத்து வீட்டில் இன்னும் பாக்கியிருக்கும் மூன்றாவது மாடிக்கு ஸ்லாப் போடும் நாளன்று ஒரு அதிகாரியை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். மிக்சரும் வைப்ரேட்டரும் காலையில் தொடங்கிவிடும். மீட்டர் கொண்டுவர வேண்டாம். சாப்பாடு நாங்கள் போடுகிறோம். மத்தியானம் பேத்தியை அவரே தூங்கவைத்துக் காட்டட்டும்; அந்தக் கட்டடம் முடியும்வரை 55 பற்றிப் பேச்செடுக்க மாட்டோம்.

தங்கள் உண்மையுள்ள,
பக்கத்துச் சுவர்க்காரன்