இந்த வரிசை முடியட்டும்

பின்னல் மாமியிடம் மணி கேட்டால் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கமாட்டாள், மடியைப் பார்ப்பாள். "பாலை அடுப்பில வெச்சு எட்டு வரிசை ஆச்சே, பொங்கிருக்குமே!" என்பாள். பொங்கித்தான் இருக்கும். யாராவது எழுந்து போய் அடுப்பை அணைக்க வேண்டும். அந்த யாராவது மாமியாக இருக்க முடியாது. "இந்த வரிசை முடியட்டும்" என்று அவள் சொல்லிவிட்டால், வாசலில் தந்திக்காரன் நின்றாலும் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

தில்லியில் ராமகிருஷ்ணபுரம், சரோஜினி நகர், நேதாஜி நகர் என்று சர்க்கார் குவார்ட்டர்ஸ் இருந்த இடமெல்லாம் எண்பதுகளில் இப்படி ஒரு மாமியைப் பார்க்கலாம். பஞ்சாபிப் பெண்கள் பின்னுவதில் விசேஷம் ஒன்றுமில்லை. அது அவர்களுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். கும்பகோணத்தில் பிறந்து, மார்கழிக் குளிருக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும் என்று வளர்ந்தவள் ஊசியைக் கையில் எடுத்தால்தான் ஆபத்து. அவளை அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது.

எடுத்த கதை எல்லா மாமிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கல்யாணமாகி வந்த முதல் ஜனவரி. ராத்திரியில் ஏழு டிகிரிக்கும் கீழே இறங்குகிற குளிர். தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெயில் தேடி மொட்டை மாடிக்குப் போனால், பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, வேர்க்கடலையைக் கொறித்தபடி பின்னிக்கொண்டிருக்கிறாள். இவள் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை இவளுக்குத் தெரியாது. 'ஸீதா, உல்டா' (நேர், தலைகீழ்) என்ற இரண்டே வார்த்தையில் பாடம் நடந்து முடிந்தது. மாமி தில்லியில் கற்றுக்கொண்ட முதல் ஹிந்தி அதுதான். அதை வைத்துக்கொண்டே பல வருஷம் ஆட்டோக்காரர்களுக்கும் வழி சொல்லிச் சமாளித்தாள்.

இவளுக்கும் மூத்த தலைமுறை மாமிகள் உண்டு. அவர்களுக்கு ஊசி பிடித்த பெருமை வேறு மாதிரி. 1962 சீனப் போரின்போது நாடு முழுக்கப் பெண்கள் ஜவான்களுக்காக ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள்; "நான் போட்ட முதல் ஸ்வெட்டர் நேஃபா எல்லைக்குப் போச்சு" என்று சொல்லும்போது அந்த மாமிகளின் குரலில் ஒரு கம்பீரம் வரும். அவற்றில் எத்தனை ஸ்வெட்டருக்கு இரண்டு கையும் ஒரே நீளமாக இருந்தன என்று ராணுவம் இதுவரை அறிக்கை எதுவும் வெளியிடவில்லை.

ஊசி மட்டும் நம்ம ஊர் என்பதில் மாமிக்கு ஒரு திருப்தி. போனி மார்க் ஊசி. சாம்பல் நிறத்தில், கொண்டையில் நம்பர் பொறித்திருக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில், 1949-இல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பது வெளியாருக்குப் புரியாத சாஸ்திரம். பன்னிரண்டாம் நம்பர் பார்டருக்கு, பத்தாம் நம்பர் உடம்புக்கு. மாமியின் பன்னிரண்டாம் நம்பர் ஊசியை எடுத்து மாமா ஒருமுறை முதுகு சொறிந்துகொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் ரசம் கிடையாது.

அவளுடைய நாள் பஸ்ஸில் தொடங்கும். டி.டி.சி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பின்னுவாள், கிடைக்காவிட்டால் படிப்பாள். படிப்பது புத்தகம் அல்ல, முதுகு. முன்னால் நிற்கிற பெண் போட்டிருக்கும் ஸ்வெட்டரில் புது டிசைன் தென்பட்டால் மாமியின் உதடு அசைய ஆரம்பிக்கும். நாலு ஸீதா, ரெண்டு உல்டா, ஒண்ணைத் தூக்கி அடுத்ததுக்கு மேலே போடு, ஒரு ஓட்டை. பார்க்கிறவர்கள் விஷ்ணு சஹஸ்ரநாமம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. இலை டிசைனில் இலையின் காம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவேண்டுமே, கூட்டத்தில் சாய்கிற சாக்கில் அந்த முதுகை ஆள்காட்டி விரலால் லேசாகத் தடவியும் பார்த்துவிடுவாள். அந்தப் பெண் திரும்பி முறைப்பாள். மாமி உடனே, "பஹன்ஜீ, கித்னே ஃபந்தே?" என்று கேட்பாள். எத்தனை கண்ணி? முறைப்பு அந்த நொடியே பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பாக மாறிவிடும். இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் மாமி இறங்கவேண்டிய ஸ்டாப் போய்விடும். அவளுடைய சர்வீஸ் புத்தகத்தில் தாமத வருகை என்று எத்தனை குறிப்பு இருக்கிறதோ, அத்தனை டிசைன் அவளுக்குத் தெரியும் என்று கொள்ளலாம்.

ஆம், மாமி உத்தியோகஸ்தி. ஓர் அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். எந்த அமைச்சகம் என்பது வேண்டாம். மேஜையின் மேல் இழுப்பறையில் கோப்பு, கீழ் இழுப்பறையில் ஸ்வெட்டர். நூல் மட்டும் இழுப்பறைச் சந்து வழியாக மேலே வந்து அவள் மடிக்குப் போகும். மத்தியானம் எல்லாரும் புல்வெளிக்கு வந்துவிடுவார்கள். டிபன் டப்பா, ஆரஞ்சு, கஜக், கடலைத் தோல், அதன் நடுவே பதினைந்து இருபது ஜோடி ஊசி. நிழல் நகர நகர ஜமக்காளமும் நகரும். பதவி உயர்வு, பஞ்சப்படி, மருமகள், எல்லாமும் பேசப்படும். பேச்சு நின்றால் யாரோ கண்ணி எண்ணுகிறார்கள் என்று அர்த்தம். அப்போது சூப்பிரண்டெண்ட் வந்தால்கூடச் சற்றுத் தள்ளி நிற்பார். அவர் போட்டிருக்கிற ஸ்வெட்டர் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

இவ்வளவு பின்னுகிறாளே, வீட்டில் ஸ்வெட்டர் வண்டி வண்டியாக இருக்குமே என்றால், அங்கேதான் சூட்சுமம். மாமிக்குப் பிடித்தது ஆரம்பிப்பது. புது நூல், புது டிசைன், முதல் கண்ணி. முதுகுப் பக்கம் பாட்டுப் பாடிக்கொண்டே வளரும். முன்பக்கம் கொஞ்சம் முணுமுணுப்போடு. கழுத்துக்கு வரும்போது அலுப்பு தட்டும். கை என்றால், அதுவும் இரண்டாவது கை என்றால், ஊசி கனக்க ஆரம்பிக்கும். முதல் கையில் செய்த அத்தனையையும் மறுபடி செய்யவேண்டும், அதுவும் அளவு மாறாமல். கற்பனைக்கு இடமே இல்லாத வேலை. மகனுக்கு ஆறு வயதில் ஆரம்பித்த ஸ்வெட்டர் ஹோலிக்கு முடிந்தது. ஹோலிக்கு அப்புறம் தில்லியில் ஸ்வெட்டர் போடுகிறவன் காய்ச்சல்காரன் மட்டும்தான். அடுத்த குளிருக்கு எடுத்துப் போட்டால் தலையே நுழையவில்லை. அது தம்பி பிள்ளைக்குத் திருச்சிக்குப் போயிற்று. திருச்சியில் அதை என்ன செய்தார்கள் என்று மாமி கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் 1990 ஜனவரி வந்தது. குடியரசு தினம் வெள்ளிக்கிழமை. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1985-இல் வாரம் ஐந்து நாள் என்று ஆன பிறகு, வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது லாட்டரி. வெள்ளி, சனி, ஞாயிறு. காலண்டர் வந்த அன்றைக்கே அந்த மூன்று கட்டத்தையும் மாமி பென்சிலால் வளைத்துவிட்டாள்.

மாமாவின் ஸ்வெட்டர் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தது. முழுக்கை என்று வாக்கு. முதுகுக்கு 130 கண்ணி. பொங்கலுக்குள் முதுகு, முன்பக்கம், கழுத்து எல்லாம் முடிந்து, தோளையும் விலாவையும் சேர்த்துத் தைத்தாகிவிட்டது. பாக்கி இரண்டு கை. மாமா அதை அவ்வப்போது போட்டுப் பார்ப்பார். கையில்லாத தோள்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைப்பார்.

திட்டக் கமிஷன் தோற்கிற மாதிரி மாமி கணக்குப் போட்டாள். மணிக்கட்டில் 56 கண்ணி. ரெண்டு ஸீதா ரெண்டு உல்டாவாக 24 வரிசை பார்டர். பிறகு ஆறு வரிசைக்கு ஒருதரம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டி, 96-க்குக் கொண்டுவந்து, மீதியை நேராகப் பின்ன வேண்டும். ஆகக் கைக்கு 160 வரிசை. இரண்டு கைக்கு 320. வரிசைக்கு மூன்று நிமிஷம். டி.வி.யில் அணிவகுப்பு குறைந்தது இரண்டு மணி நேரம் ஓடும், நாற்பது வரிசை. பாஸ் கிடைத்தால்கூட நேரில் போவதாக இல்லை. வாசலில் நிற்கிற போலீஸ்காரன் ஊசியைப் பார்த்தால் விடுவானா? ஞாயிற்றுக்கிழமை மகாபாரதம் முக்கால் மணி, பதினைந்து வரிசை. அதற்குத் தலையைத் தூக்கவே வேண்டாம், கதைதான் தெரியுமே. வெள்ளி 110, சனி 110, ஞாயிறு 100. சமையலுக்கு வியாழக்கிழமையே புளிக்காய்ச்சல்.

புதன்கிழமை சாயங்காலம்தான் நூல் போதாது என்று தெரிந்தது. நூல் போதாவிட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பின்னாதவர்கள். ஷேடு நம்பர் ஒன்றாக இருந்தால் மட்டும் ஆகாது, லாட் நம்பரும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறு லாட் என்றால் டியூப்லைட்டில் ஒரே நிறமாகத் தெரியும். வெயிலில் மாமாவின் கை மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். கரோல் பாகில் கடைக்காரனை ஏணி ஏற வைத்து, மேல் தட்டிலிருந்து அதே லாட்டில் இரண்டு லச்சி இறக்கிக்கொண்டு, போர் ஜெயித்த முகத்தோடு வீடு வந்தாள்.

லச்சியைப் பந்தாகச் சுற்றவேண்டும். அதற்குத்தான் மாமா. உத்யோக் பவனில் செக்‌ஷன் ஆபீசர். அவர் கையெழுத்துக்காக அங்கே கோப்புகள் வரிசையில் காத்திருக்கும். இங்கே மோடாவில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழநீளம் அகட்டி நீட்டிக்கொண்டு, கட்டை விரல்களை மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். லச்சி கையில் மாட்டியாயிற்று. நூல் இடப்பக்கம் போகும்போது இடது கையைக் கொஞ்சம் சாய்க்கவேண்டும், வலப்பக்கம் போகும்போது வலது கையை. பாதி சுற்றினபோது மூக்கு அரித்தது. மாமாவின் மூக்கு வேறு எந்த நேரத்திலும் அரிப்பதில்லை.

"ஏன்னா, ஆடாதேங்கோ. சிக்காயிடும்."

"மூக்குடி..."

"இந்த லச்சி முடியட்டும்."

மகன் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு வந்து, பென்சிலின் ரப்பர் முனையால் அப்பாவின் மூக்கைச் சொறிந்துவிட்டான். சொறிந்த இடம் வேறு, அரித்த இடம் வேறு. அப்போதுதான் மாமாவின் மடியில் பிரிக்காமல் கிடந்த இன்லண்ட் லெட்டர் மாமியின் கண்ணில் பட்டது. மாமா நீட்டிய கை நீட்டியபடி இருக்க, மகன் பிரித்துப் படித்தான்.

மயிலாப்பூரிலிருந்து மாமாவின் அக்கா. அத்திம்பேருக்கு ரிடயர் ஆவதற்குள் ஒருதரம் ரிபப்ளிக் டே பரேடு நேரில் பார்க்கவேண்டும் என்று ஆசை. ஐந்து பேர், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், வியாழக்கிழமை காலை. 'கம்பளி உடுப்பு எதுவும் எங்களிடம் இல்லை. அங்கே வந்து வாங்கிக்கொள்வதாக உத்தேசம்.'

தில்லித் தமிழர்கள் எல்லாருக்கும் இந்தக் கடைசி வரி மனப்பாடம். உத்தேசம் உத்தேசமாகவே இருக்கும். மாமி சுற்றுவதை நிறுத்தவில்லை. பந்து முடிந்த பிறகு எழுந்து, தகர டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நாஃப்தலின் வாசனை ஹால் முழுக்கப் பரவியது.

வியாழக்கிழமை காலையில் ஐந்து பேரும் பல் கிட்ட வந்து இறங்கினார்கள். மப்ளர், குல்லாய், ஸ்வெட்டர், சால்வை என்று டிரங்குப் பெட்டி காலியாயிற்று. அத்திம்பேர் தொப்பையைத் தாண்டி எதுவும் இறங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தவர், நாற்காலியில் கிடந்த மாமாவின் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். அது மட்டும் தாராளமாக இறங்கியது.

"கையில்லாம இதுவே ரொம்ப நன்னாயிருக்கே! இதான் இப்போ இங்க ஃபேஷனா?"

மாமா மாமியைப் பார்த்தார். அக்கா புருஷனிடம் கழற்றிக் கொடுங்கள் என்று எப்படிச் சொல்வது? மாமியின் முகத்தில் கோபம் தெரியும் என்று எதிர்பார்த்தார். தெரிந்தது நிம்மதி. மூன்று மாதமாகத் தோளில் இருந்த 320 வரிசை ஒரே நொடியில் இறங்கிவிட்டது.

"ஆமாம் அத்திம்பேர், எல்லாரும் இப்படித்தான் போட்டுக்கறா. கொஞ்சம் கழட்டிக் கொடுங்கோ, கைக்குழியைச் சுத்தி எட்டு வரிசை பார்டர் போட்டுடறேன். காபி ஆறதுக்குள்ள ஆயிடும்."

ஆகவில்லை. காபி ஆறிவிட்டது, இரண்டாவது தரம் சுடவைத்தும் ஆறிவிட்டது. ஆனாலும் மறுநாள் விடியற்காலை பரேடுக்குக் கிளம்புவதற்குள் பார்டர் முடிந்திருந்தது. மாமாவுக்கு அன்றைக்குக் கிடைத்தது மகனுடைய ஸ்கூல் மப்ளர்.

ஆகையால், தில்லிக் குளிரில் கையில்லாத ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அக்குளில் கையைச் செருகியபடி பஸ்ஸுக்கு நிற்கிற ஆண்களைப் பார்த்தால், ரசனை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வீட்டில் இரண்டு பந்து நூல் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த நூலைப் பற்றி மட்டும் மாமியிடம் விசாரிக்கவேண்டாம். உங்கள் தலைச் சுற்றளவை முழம் போட ஆரம்பித்துவிடுவாள்.