லேவியராகமத்தில் நின்றவர்கள்: விளிம்பு அழுக்கு வழி ஓர் ஆய்வு

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் தமிழ்க் கிறிஸ்தவர், இந்த வருஷம் வேதத்தை முழுக்க வாசித்துவிடுவது என்று தீர்மானிக்கிறார். அத்தீர்மானம் எந்த அதிகாரத்தில் உயிர்விடுகிறது என்பதை இதுவரை எவரும் முறைப்படி ஆராயவில்லை. இவ்விடைவெளியை நிரப்புவதே நம் நோக்கம். (ஆய்வுக்கு இடைவெளி அவசியம்; இல்லாவிட்டால் தோண்டிக்கொள்ள வேண்டும்.)

சீர்திருத்த சபையாரின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று போனால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆக, ஜனவரிக் கடைசியில் வாசகர் லேவியராகமத்தின் வாசலுக்கு வருகிறார். அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்.

வாசகர் மூவகையர். வாக்குத்தத்த அட்டையோடு திருப்தியடைபவர் முதல் வகை. கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரல் வைப்பவர் இரண்டாம் வகை. சங்கீதம் நடுவில் இருப்பதால் இவருக்கு எப்போதும் ஆறுதலே கிடைக்கும். முழுவதும் வாசித்தவர் மூன்றாம் வகை. கல்லறை வாசகங்களில் மட்டும் காணப்படுகிறார்.

இனி முதன்மைச் சான்றான விளிம்பு அழுக்கு. மூடிய வேதாகமத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஆதியாகமம் கரும்பட்டை: ஜனவரிதோறும் புதுப்பிக்கப்பட்ட அடுக்கு. சங்கீதம் தேங்காய் எண்ணெய் ஊறிய பழுப்பு. சுவிசேஷங்களில் காப்பிக் கறையும் மெழுகுச் சொட்டும் கலந்திருக்கும். (கறை காப்பியே என்பது மூன்றாம் பெஞ்சுப் பாட்டியின் வாய்மொழி, தேநீர் என்பது அவர் மருமகளின் மறுப்பு, அதே நாள், அடுக்களை.) லேவியராகமமோ அச்சகத்தை விட்டு வந்த வெண்மையில் இருக்கும். ஒபதியாவின் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்வெண்மையை முதலில் கவனித்தது ஒரு ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேடு: கரையான் தின்ற பகுதி, கீழ் ஓரக்குறிப்பு, அதன்மேல் வேறொரு கை இட்ட கேள்விக்குறி, அதைச் சுற்றி மூன்றாவது கை போட்ட வட்டம். கரையான் தின்றதை மேற்கோள் காட்டலாமா என்பவர், மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பின்னால் இருந்ததாகச் சொல்லப்படும், எவர் கண்ணிலும் படாத ‘கியூ’ ஏட்டுக்கு 2000இல் ஆய்வுப் பதிப்பே கொண்டுவந்த அறிஞர்களிடம் முதலில் கேட்டு வரட்டும்.

எதிர்ச் சான்றும் உண்டு. தரங்கம்பாடி சீகன்பால்கு 1719இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டை ரூத் வரை தமிழாக்கியிருந்தார். ஆகவே லேவியராகமத்தைத் தாண்டினார் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கவர் ஒருவராவது உண்டு.

மற்றவர்கள் ஏன் நின்றார்கள்? பதினோராம் அதிகாரம் செதிலும் சிறகும் இல்லாத நீர்வாழ்வனவற்றை விலக்குகிறது. இறால் தொக்கு கொதிக்கும் தூத்துக்குடி வீட்டில் அதற்குமேல் வாசிப்பது கடினம். பதின்மூன்றில் தோல்நோய், 59 வசனம். பத்தொன்பதாம் அதிகாரமே நம்மைக் குழப்புகிறது. பச்சை குத்திய பையனை 28ஆம் வசனத்தால் அடிக்கும் மூப்பர்களின் வேதாகமத்திலும் அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. பத்து வசனம் முன்னால், 18இல், பிறனில் அன்புகூரச் சொல்லியிருக்கிறது. அவ்வழியே நடந்து வந்ததற்குத் தடயமில்லை. ஹெலிகாப்டரில் இறங்கியிருக்க வேண்டும்.

வாசகர்கள் தங்கள் வீட்டு வேதாகமத்தின் விளிம்பைச் சோதித்துப் பார்க்கலாம். முடிவுகளை எனக்கு அனுப்ப வேண்டாம், ஆய்வு முடிந்துவிட்டது.