தடுமன் வழக்குகளில் முதற்குற்றவாளியைத் தீர்மானித்தல்: ஓர் இல்லற ஆய்வு

ஐப்பசி மழை தொடங்கியதும் தமிழ் வீடுகளில் முதலில் எழும் ஒலி தும்மல். இரண்டாவது ஒலி, "நேத்து என்னத்தத் தின்னே?" இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் எந்தக் கடிகாரத்துக்கும் அகப்படாதது. முதல் ஒலியை உலகம் போதிய அளவு ஆராய்ந்துவிட்டது. இரண்டாம் ஒலியைச் சீண்டுவாரில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

தும்மியவரை விசாரிக்கும் மரபு பழமையானது. திருக்குறளின் 'புலவி நுணுக்கம்' அதிகாரத்தில் மட்டும் மூன்று குறள்களில் (1312, 1317, 1318) தும்மல் வருகிறது. தலைவன் தும்மினால், எவள் நினைத்ததால் தும்மினான் என்று தலைவி அழுகிறாள். அதற்குப் பயந்து அவன் அடக்கிக்கொண்டால், எவள் நினைப்பதை மறைக்கிறான் என்று அதற்கும் அழுகிறாள். தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம் என்ற சட்டநிலை அன்றே உறுதியாகிவிட்டது. பிறகு மாறியது ஒன்றுதான்: நினைத்தவள் இருந்த இடத்தில் இப்போது கொய்யாப்பழம் இருக்கிறது.

கொய்யா தவிர தயிர், இரவு வாழைப்பழம், ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஆகியவையும் நிரந்தரக் குற்றவாளிகள். தும்மியவர் பேரன் என்றால் குற்றவாளி ஐஸ்கிரீம். விசாரணை முற்ற முற்ற, அதை வாங்கிக்கொடுத்த மருமகள்.

அறிவியல் வேறொருவரைக் கூண்டில் ஏற்றுகிறது. தடுமனுக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோ வைரஸ்கள். அவற்றில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மூக்கில் நுழைந்தபின் அறிகுறி தெரிய ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகும். ஆகவே குற்றம் நடந்த அன்று, நேற்றுத் தின்ற கொய்யா பெரும்பாலும் மரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முந்தாநாள் வளைகாப்பில், மூக்கைத் துடைத்த கையாலேயே கன்னத்தைக் கிள்ளிய பெரியப்பாவை எவரும் விசாரிப்பதில்லை. அவர் இவ்வழக்கில் வைத்தியராகவே ஆஜராகிறார்.

எஞ்சுவது தலையாய குற்றச்சாட்டு: தலை துவட்டாமை. இதை இங்கிலாந்தின் சாலிஸ்பரியில், 1946இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய ஜலதோஷ ஆய்வகம் தீர விசாரித்தது. தன்னார்வலர்களைக் குளிக்கவைத்து, துவட்டவிடாமல் காற்றடிக்கும் நடையில் நிறுத்தி, ஈரக் காலுறையும் மாட்டிவிட்டார்கள். (நம் வீட்டுப் பாட்டிமார் பார்த்திருந்தால் அந்த ஆய்வகத்தை அன்றே இழுத்து மூடியிருப்பார்கள்.) குளிரில் நின்றதால் தடுமன் கூடவில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் 2005இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 180 பேரைச் சேர்த்து, பாதிப் பேரின் கால்களை இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் வைத்தனர். அடுத்த சில நாள்களில் தடுமன் என்று முறையிட்டோர் அவர்களிலேயே அதிகம். குளிரில் மூக்கின் இரத்தக்குழாய்கள் சுருங்க, ஏற்கெனவே பதுங்கியிருந்த வைரஸ் தலையெடுத்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். மேல்முறையீட்டில் அம்மாவுக்குப் பாதி வெற்றி. இச்செய்தியை எந்த வீட்டிலும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; மீதிப் பாதியை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

ஃப்ளூ இந்நீதிமன்ற வரம்புக்குள் வராது. திடீரென்று கொதிக்கும் காய்ச்சல், அடித்துப்போட்ட உடம்புவலி, மூச்சுத்திணறல் வந்தால் டாக்டர். இதில் ஆராய ஒன்றுமில்லை. அதற்கு ஆண்டுதோறும் போடத் தடுப்பூசி உண்டு. அதைச் சிபாரிசு செய்யும் உறவினரை நான் கண்டதில்லை. வருமுன் காத்துவிட்டால் யாரைத் திட்டுவது?

தண்டனைப் பகுதிக்கு வருவோம். நொச்சியிலை போட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிப்பது மூக்குக்கு இதம். நோயின் நாள்களைக் குறைக்காது, பானை கவிழ்ந்தால் தொடை வெந்துபோகும். சென்ற தடவை மீந்த ஆன்டிபயாடிக் அட்டை பாக்டீரியாவுக்கானது. வைரஸ் அதைத் திரும்பியும் பார்க்காது. சுக்குக் காபி, மிளகு ரசம், நாட்டுக்கோழி சூப் ஆகியவற்றுக்கு எதிராக இவ்வாய்வாளர் சாட்சி சொல்லமாட்டார்.

தடுமன் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே இறங்கிவிடும். எனவே கடைசியாகக் கொடுத்த மருந்துக்கே பெயர் கிடைக்கிறது. முதல் நாளே கற்பூரவள்ளியைக் கசக்கிக்கொண்டு ஓடிவரும் சித்திக்கு ஒருநாளும் நல்ல பெயர் வந்ததில்லை. விவரம் தெரிந்த அத்தைமார் ஐந்து நாள் வாயே திறப்பதில்லை. ஆறாம் நாள் காலையில் தூதுவளை ரசத்தோடு வந்து இறங்குகிறார்கள்.