குதிரையோடு கிரிவலம்: புதியவர்களுக்கு ஒரு கையேடு

குதிரைமேல் ஏறுவது பெரிய விஷயமில்லை. சினிமாவில் எல்லோரும் ஏறுகிறார்கள். இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் கூடவே நடப்பதுதான் வித்தை. கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பைக் குதிரைப் போட்டியில் 24 மணி நேரத்துக்குள் 160 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடக்க வேண்டும். செங்குத்தான ஏற்றம் வந்தால் பலர் இறங்கி, குதிரையை முன்னே விட்டு, வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். செங்கல்பட்டு மின்சார ரயிலில் தொங்கிப் பழகியவர்களுக்கு இந்தப் பாடம் பாதி முடிந்தாயிற்று.

குதிரைக்கு ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தை இருக்கிறது. கயிற்றுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ஊர்க் கடைத்தெருவே போதும். கடைக்காரர் மூக்கணாங்கயிற்றை நீட்டினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். குதிரைக்கு யாரும் மூக்குக் குத்துவதில்லை. முகத்தில் மாட்டும் தலைக்கயிறு ஒன்று, அதில் கோக்க மூன்று நான்கு மீட்டர் பருத்திக் கயிறு ஒன்று. நைலான் மலிவுதான், ஆனால் உருவிக்கொண்டு ஓடினால் உள்ளங்கைத் தோலும் கூடவே போகும். கையுறை போடுங்கள். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டும் நம் வழக்கம் குதிரையிடம் செல்லாது. ஹவாய் செருப்பு கூடவே கூடாது: நானூறு கிலோ மிருகம் ஒரே ஒரு முறை கால் மாற்றி வைத்தால் போதும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடித்துப் பிடியுங்கள். சுற்றிக்கொண்டவரை, குதிரை மிரண்டு ஓடும்போது விட்டுவிட்டுப் போகாது.

பயிற்சி முதலில் உங்களுக்கு. கயிற்றின் மறுமுனையை மச்சானிடம் கொடுங்கள். அவருக்கு முன்னால் நின்று, முகத்தைப் பார்த்துக்கொண்டு இழுங்கள், வரமாட்டார். குதிரையும் அப்படித்தான், இழுக்க இழுக்கக் காலை ஊன்றிக்கொள்ளும். அதன் இடப்பக்கம், தோளுக்கு நேராக நின்று, போகிற திசையைப் பார்த்து நடங்கள். லேசாக இழுங்கள், ஒரு அடி வைத்ததும் தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குச் சம்பளம். நிற்க, நடக்க, பின்வாங்க என்று மூன்றும் வரும்வரை தெருவுக்கு வராதீர்கள். மச்சானுக்கும் இதே முறைதான், சம்பளம் மட்டும் வேறு.

ஜிஎஸ்டி சாலைப் பக்கமே போகாதீர்கள். ஒரகடத்துக்குத் திரும்பும் கண்டெய்னர் லாரி, குதிரைக்கென்று ஹாரனைக் குறைக்காது. சிங்கப்பெருமாள் கோவில் மலையைச் சுற்றும் பாதை நல்லது. அங்குள்ள பாடலாத்ரி நரசிம்மர் சன்னதி மலைப்பாறையைக் குடைந்தது. பெருமாளை வலம்வர மலையையே வலம்வர வேண்டும், எனவே நடைக்கும் புண்ணியத்துக்கும் ஒரே கணக்கு. பௌர்ணமிக் கூட்டத்தில் மட்டும் வேண்டாம். பெருமாள் கோவில் உற்சவங்களில் வரும் வாகனக் குதிரை கூட்டத்துக்கு மிரளாது, கொள்ளும் கேட்காது. அதை நாம்தான் தூக்க வேண்டும். உங்கள் குதிரையோ பறக்கும் கேரி பேக்குக்கே மிரளும்.

யாராவது அன்போடு புளியோதரை நீட்டினால் நீங்கள் சாப்பிடுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி அதன் உயிருக்கே ஆபத்து.

கத்திரி வெயிலில் இந்த ஆசையே வேண்டாம். மற்ற நாளிலும் விடியற்காலையில் போங்கள், நிறுத்தும் இடமெல்லாம் தண்ணீர் காட்டுங்கள். உடம்பு கொதித்தால் குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். நின்றிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. சர்வதேசப் போட்டிகளில், ஓடி வந்த குதிரையின் துடிப்பு குறித்த நேரத்துக்குள் 64க்கு இறங்காவிட்டால், முதலில் வந்திருந்தாலும் வெளியே. உங்கள் நாடியை அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள். அதைக் கிளம்பும் முன் மறைமலை நகரில் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.