பெண் சான்றிதழ் வேண்டி விண்ணப்பம்

மொனாக்கோவில் கொலுவீற்றிருக்கும் உலகத் தடகள அமைப்பின் மேலான சமூகத்துக்கு,

ஐயா, போன வாரம் எங்கள் மாவட்டப் போட்டியில், 400 மீட்டரில் என் மகள் முதலாவதாக வந்தாள். அவளுக்கு மூச்சிரைப்பு அடங்கும் முன்பே, இரண்டாவதாக வந்த பிள்ளையின் அப்பா நடுவர் மேசைக்குப் போய்விட்டார். "கிராப்பு வெட்டியிருக்கு, குரலும் ஒரு மாதிரி இருக்கு. பொண்ணுதானான்னு பாருங்க சார்." ஆதாரை நீட்டினேன். "ஆதார்ல என்ன வேணா போடுவாங்கம்மா" என்றார் மேசைக்காரர். ஒரு டீச்சர் அவளை ஓரமாகக் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு வந்து, "பொண்ணுதான் சார்" என்றார். மைக் ஆனில் இருந்தது.

எங்கள் பீரோவில் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் லேமினேஷனோடு இருக்கின்றன. பெண் சான்றிதழ் மட்டும் இல்லை. அது எந்தக் கவுண்டர் என்று வி.ஏ.ஓ.வுக்கே தெரியவில்லை. ஆகவே நேராகத் தலைமையகத்துக்கே எழுதுகிறேன்.

இந்தத் துறையில் தங்களுக்கு அறுபது வருஷ அனுபவம். 1966-இல் புடாபெஸ்டில் வீராங்கனைகளை ஆடையில்லாமல் மருத்துவர்கள் முன் நடக்கவிட்டுச் சரிபார்த்தீர்கள். பிறகு குரோமோசோம், அப்புறம் டெஸ்டோஸ்டிரோன். 2015-இல் நம்ம நாட்டு ஓட்டக்காரி துத்தி சந்த் வழக்குப் போட்டு அதை நிறுத்திவைத்தார். சளைத்தீர்களா? 2025 செப்டம்பரிலிருந்து கன்னத்துக்குள் பஞ்சால் ஒரு தேய்ப்பு, ஆண்பால் மரபணுவான எஸ்.ஆர்.ஒய். இருக்கிறதா என்று சோதனை. வாழ்நாளில் ஒரே தடவையாம்! வருமானச் சான்றிதழை வருஷா வருஷம் புதுப்பிக்கிற எங்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை. அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே அதைப் பெண்தானா என்று பார்க்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறார். கண்டுபிடித்தவர் கிடக்கட்டும், முத்திரை யார் கையில் இருக்கிறது?

தங்கள் பங்காளியான ஒலிம்பிக் குழுவும் லேசுப்பட்டதல்ல. 1976 மாண்ட்ரியலில் குதிரையேற்றத்துக்கு வந்த இங்கிலாந்து இளவரசி ஆனுக்குச் சோதனையிலிருந்து விலக்கு. அரண்மனையில் இ-சேவை மையம் இல்லை போலும்.

ஆண்களுக்கு இந்த அலைச்சலே கிடையாது. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மாண்டிரன்டாவுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் சிவப்பணு கூடுதல். ஏழு ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார். இயற்கையின் கொடை என்றார்கள்.

புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தியும் பிறந்த உடம்போடுதான் ஓடினார். 2006 தோஹாவில், 800 மீட்டரில் வெள்ளி. ஊசி போட்டாரா, யாரையாவது ஏமாற்றினாரா? பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பிடுங்கினார்கள். நாடு முழுக்க டி.வி.யில் அவர் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார் ஐயா, ஆசிய விளையாட்டில் ஓடிய கால். ஒருத்தராவது இன்றுவரை வெட்கப்பட்டீர்களா? இப்போது என் பிள்ளை மேலும் கை வைக்கிறார்கள். அவளுக்குப் பதினாலு வயசு.

மன்னிக்கவும். இங்கே வெயில் கொஞ்சம் அதிகம். தாங்கள் கருணைக் கடல் என்பது ஊரறிந்தது.

மாநிலப் போட்டி நெருங்குகிறது. மகள் முடி வளர்க்கிறாள், ஜிமிக்கி மாட்டிக்கொண்டு ஓடிப் பழகுகிறாள். ஜிமிக்கி ஆடுவதில் போகும் நொடிகளைக் கழித்து நேரம் குறிக்கும்படி நடுவர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓட்டக்காரியின் தாய்
(நானும் பெண்தான் என்பதற்கான சான்று இணைக்கப்படவில்லை)