டார்ச் பிடித்தல்: ஓர் ஆய்வு

வீட்டில் அப்பா பழுதுபார்க்கும்போது பிள்ளைகளுக்கு உரிய தொழில் மூன்று: ஸ்டூல் பிடித்தல், "எடுத்துட்டு வா" என்றதை எடுத்துவருதல், டார்ச் பிடித்தல். முன்னிரண்டும் எளியவை ஆதலின் இங்கு விரிக்கவில்லை. மூன்றாவதே ஆராயத்தக்கது.

களம், அடுப்படி சிங்க்கின் அடிப்பகுதி. ஆங்கிள் காக்கில் தண்ணீர் ஒழுகுகிறது. அப்பா மல்லாந்து கிடக்கிறார். ஒரு கையில் ஸ்பேனர், வாயில் டெஃப்லான் டேப். மரை நம்மைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு டேப்பை வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முறுக்க முறுக்கப் பிரிந்து சுருண்டுவிடும். இந்த நுட்பத்தைப் பக்கத்தில் குந்தியிருக்கும் பிள்ளைக்குச் சொல்லித்தரலாம். தருவதில்லை. "லைட்ட நேரா காட்டுடா" என்பதே முழுப் பாடத்திட்டம்.

ஒளி மரையில் விழாமல் கரப்பான்பூச்சியின் மேல் விழுவது ஏன்? கவனக்குறைவே காரணம் என்பர் அப்பாக்கள். அது பொருந்தாது. சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980), பார்பெல் இன்ஹெல்டருடன் சேர்ந்து மேசைமேல் மூன்று மலைகளின் மாதிரியை வைத்து, வேறொரு பக்கத்தில் இருக்கும் பொம்மைக்கு எது தெரியும் என்று பிள்ளைகளைக் கேட்டார். சின்னப் பிள்ளைகள் தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததையே காட்டினார்கள். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளை தான் பார்ப்பதன்மேல் டார்ச் அடிப்பது வளர்ச்சியின் ஒரு படி. "எனக்குத் தெரியறது உனக்குத் தெரியலையா?" என்று நாற்பது வயதில் கத்துவது எந்தப் படி என்பதைப் பியாஜே சொல்லாமல் போய்விட்டார்.

இயற்பியலும் பிள்ளையின் கட்சியே. பரவும் ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். கை வலித்து, ஓரடியில் இருந்த டார்ச் இரண்டடிக்குப் போனால் வெளிச்சம் ஏறக்குறைய கால்பங்காகும். அப்பாவின் குரல் அப்போது எத்தனை மடங்கு ஏறும் என்பதற்கு இன்னும் சூத்திரம் இல்லை.

தலையில் மாட்டும் டார்ச் கடைகளில் கிடைக்கும்போது பிள்ளை எதற்கு என்பாரும் உளர். தலை டார்ச்சைத் திட்ட முடியாது. வேலை முடிந்தும் ஒழுகினால் அதன்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. எனவே பிள்ளை அங்கே நியமிக்கப்படுவது பழிதாங்கியாகவே என்பது பெறப்படும்.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டார்ச்சை நீங்கள் பிடியுங்கள், டேப்பைப் பிள்ளை சுற்றட்டும். அதற்குமுன் மாடித் தொட்டியின் வால்வை மறக்காமல் மூடிவிடுங்கள்.